பிந்தி வந்த டர்போ: மலையகப் பாதைகளில் டீசல் எஞ்சினின் கதை

கித்துல்கலையை விட்டுக் கினிகத்தேனைக்கு ஏறத் தொடங்கும் ஏ7 வீதி, ஹட்டனைத் தொடும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா கடந்து நுவரெலியாவில் 1,868 மீற்றர். பஸ்ஸில் இருப்பவர் குளிருக்கு யன்னலைச் சாத்திக்கொள்ளும் இந்த உயரத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. கொழும்புக் காற்றின் அடர்த்தியோடு ஒப்பிட்டால் ஹட்டனில் எட்டில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒரு டீசல் எஞ்சின் எவ்வளவு எண்ணெயை ஒழுங்காக எரிக்கலாம் என்பதை உள்ளே போகும் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. கொழும்பில் 120 குதிரைத்திறன் தரும் சாதாரண எஞ்சின் நுவரெலியாவில் 100 தந்தாலே பெரிது. ஏற்றமும் வளைவும் கொழுந்துச் சாக்கும் சேர்ந்து அதிக வலுவைக் கேட்கும் இடத்தில்தான் இந்தக் குறைவு.

காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இப்படிப்பட்ட ஊருக்கென்றே செய்ததுபோலத் தோன்றும். வரலாறு அப்படி நடக்கவில்லை. மலையகப் பாதைகளுக்கு அது மிகவும் பிந்தித்தான் வந்தது. வந்ததும் மலையின் தேவைக்காக அல்ல. டோக்கியோவும் டில்லியும் தங்கள் நகரத்துப் புகையைக் குறைக்க முனைந்ததன் உபவிளைவாக வந்தது. இன்றும் தோட்டப் பாதைகளில் டர்போ இல்லாத எஞ்சின்கள் தாராளமாக ஓடுகின்றன. ஏன் இப்படி என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

டர்போவின் அடிப்படை எண்ணம் எளியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையில் இன்னும் நிறைய ஆற்றல் மிச்சம் இருக்கிறது. அந்தப் புகையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே அனுப்பினால், அதே அளவு சிலிண்டரில் கூடுதல் எண்ணெயை எரிக்கலாம். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ருடோல்ஃப் டீசலின் எஞ்சின் ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க்கில் வெற்றிகரமாக ஓடி அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆனால் அந்தச் சூட்டையும் சுழற்சியையும் தாங்கும் உலோகம் கைக்கு வர இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920களின் நடுவில் இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களில் பூக்கியின் முறை பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் எஞ்சின்கள் 2,500 தந்தன.

உயரத்துக்கும் டர்போவுக்கும் உள்ள உறவு அதற்கு முன்பே ஒரு மலையில் நிரூபிக்கப்பட்டிருந்தது. 1918இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மோஸ், ஒரு விமான எஞ்சினை லொறியில் ஏற்றிக் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோனார். உயரம் 4,300 மீற்றர். கீழே 350 குதிரைத்திறன் தந்த அந்தப் பெற்றோல் எஞ்சின் உச்சியில் 230க்கு விழுந்தது. டர்போவை இணைத்ததும் 356க்கு எழுந்தது. வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது புகை வெளியேறத் தடையும் குறைகிறது; சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று இழந்த காற்றை ஓரளவு தானே ஈடுசெய்கிறது. மலைப்பாதைக்கு டர்போ வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் அன்று அதைக் கேட்டவை போர்விமானங்கள்.

தரை வாகனங்களில் இது மெதுவாகவே நுழைந்தது. சுவிற்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் 1938இல் லொறிக்கான டர்போ டீசலை உருவாக்கியது. வொல்வோ 1954இல் தன் பெரிய லொறி எஞ்சினை 150இலிருந்து 185 குதிரைத்திறனுக்கு உயர்த்தியது. இடையே 1952இல் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் கமின்ஸ் நிறுவனத்தின் டர்போ டீசல் கார், தகுதிச் சுற்றின் மூலம் முதலிடத்தைப் பெற்று அங்கிருந்து கிளம்பியது. 71 சுற்றுகளோடு நின்றும் போனது. ஓடுதளத்தில் உதிர்ந்த ரப்பர்த் தூசி டர்போவின் காற்று வாயை அடைத்துவிட்டதுதான் காரணம். தோட்டத்து மண் பாதையில் லொறி ஓட்டிய எவருக்கும் இந்தச் செய்தி புதிதாக இராது.

இலங்கையில் டீசலுக்கு மலையேறுவதைக் கற்பித்தது புகையிரதம். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பாதையும், நாவலப்பிட்டிக்கு அப்பால் ஹட்டன், நானுஓயா வழியாகப் பட்டிப்பொலவில் ஏறத்தாழ 1,900 மீற்றரைத் தொடும் பாதையும் 44 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் உயர்கின்றன. வளைவுகள் சில இடங்களில் 100 மீற்றர் ஆரைக்கு இறுகுகின்றன. 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த இந்தப் பாதையில் நீராவி எஞ்சின்கள் இரண்டு சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கவே 1927இல் கரட் வகை எஞ்சின் ஒன்று தருவிக்கப்பட்டது. 1953 வாக்கில் பிரித்தானியாவிலிருந்து எம்1 வகுப்பு டீசல் எஞ்சின்கள் வந்தன. அடுத்த ஆண்டு கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எம்2 வந்தது. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனேடிய மாகாணங்களின் பெயர்களைச் சுமந்து ஹட்டன் நிலையத்தைக் கடந்த அந்த எஞ்சின்களை மலையகத்தின் மூன்று தலைமுறை பார்த்திருக்கிறது.

எம்2வில் டர்போ கிடையாது. ஜெனரல் மோட்டர்ஸின் 567 வகைப் பன்னிரண்டு சிலிண்டர் இரண்டடிப்பு எஞ்சின் அது. திறன் 1,425 குதிரைத்திறன். இரண்டடிப்பு எஞ்சினால் தானாகக் காற்றை உறிஞ்ச முடியாது. யாராவது ஊதித் தர வேண்டும். அந்த ஊதுகுழலைப் புகையால் சுழற்றாமல், கிராங் தண்டிலிருந்தே பற்சக்கரம் வைத்துச் சுழற்றினார்கள். எஞ்சின் தந்த வலுவில் ஒரு பகுதியை ஊதுகுழலே தின்றுவிடும் என்பது நட்டம். ஆனால் உருகிப்போகச் சூடான சக்கரம் இல்லை, நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் தண்டு இல்லை, நின்ற இடத்திலிருந்து இழுக்கும்போது காற்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. எழுபது ஆண்டுகள் ஆன பிறகும் இந்த வகுப்பு பணியில் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலையில் பெரலியவில் கவிழ்ந்த ரயிலை இழுத்துச் சென்றதும் ஓர் எம்2தான். மனிடோபா என்ற அந்த எஞ்சின் கடல்நீரில் மூழ்கிய பிறகும் திருத்தப்பட்டு மீண்டும் ஓடியது.

1975இல் அதே கனடாவிலிருந்து எம்4 வந்தது. மொன்றியாலில் கட்டப்பட்ட இதற்கு அல்கோ 251 வகைப் பன்னிரண்டு சிலிண்டர் டர்போ எஞ்சின், 1,750 குதிரைத்திறன். காகிதத்தில் எம்2வை விடத் தெளிவாக மேல். ஆனால் அல்கோ குடும்பத்துக்கென்று உலகெங்கும் ஒரு பேர் உண்டு: சாரதி வலுவைக் கேட்டதும் எண்ணெய் முதலில் வந்துவிடும், டர்போ வேகம் பிடித்துக் காற்று வர ஒரு கணம் பிந்தும், அந்த இடைவெளியில் கரும்புகை கிளம்பும். அதற்கு நான்கைந்து ஆண்டுகள் கழித்து, 1979 வாக்கில், ஜேர்மனியின் ஹென்ஷல் தொழிற்சாலையிலிருந்து எம்6 வாங்கப்பட்டபோது புகையிரதத் திணைக்களம் மறுபடி ஊதுகுழல் எஞ்சினிடமே போனது: 645 வகை, 1,650 குதிரைத்திறன், டர்போ இல்லை. மலைப்பாதை ரயில்களை நெடுங்காலம் இழுத்தவற்றில் எம்6க்கு முக்கிய பங்கு உண்டு. பொறியியல் நூல் டர்போவைப் பரிந்துரைத்த இடத்தில் பணிமனை அனுபவம் ஊதுகுழலைத் தேர்ந்தது என்றே இதை நான் வாசிக்கிறேன். திருத்தத் தெரிந்த கை, கிடைக்கும் உதிரிப்பாகம், நடுவழியில் நின்றுவிடாத உறுதி ஆகியவை குதிரைத்திறனை வென்றன. 2012இலும் அதன் பிறகும் வந்த சீன ரயில் தொகுதிகளோடு பதுளைப் பாதையில் டர்போ பரவலாயிற்று.

வீதியில் கதை இன்னும் மெதுவானது. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதன் கீழ் மலைக்கு ஏறிய லேலண்ட் பஸ்களின் எஞ்சின்களில் டர்போ இல்லை. தேயிலைப் பெட்டி ஏற்றிய பெட்ஃபோர்ட் லொறியிலும், கொழுந்துப் பெட்டியை இழுத்த மெஸ்ஸி பேர்குசன் டிராக்டரிலும் இல்லை. பெரிய சிலிண்டர், தாழ்ந்த கியர், அவசரம் இல்லாத சாரதி என்ற மூன்றையும் வைத்து மலை ஏறப்பட்டது. கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் நடைவேகத்துக்கு இறங்குவதும், பின்னால் கரும்புகை விரிவதும் இயல்பாக இருந்தன. அந்தப் புகைக்கு எஞ்சினின் முதுமை மட்டும் காரணமல்ல. பம்ப் கடல்மட்டத்துக்கு அளந்து வைத்த அதே எண்ணெயைத்தான் மேலேயும் ஊற்றும். காற்று ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும். எரியாமல் மிஞ்சியது கரியாக வெளியே வரும். மலைக்கென்று பம்பைக் கொஞ்சம் குறைத்து வைப்பது ஒரு வழி. வலு குறைகிறது என்று அதைக் கூட்டி வைத்தவர்களே அதிகம்.

தோட்டத்தில் வாகனம் என்பது நிர்வாகத்தின் வாகனம். லயத்தில் ஒருவருக்கு நோய் கண்டால், ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால், துரையின் அனுமதியோடு கொழுந்து லொறியோ டிராக்டரோதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பல இடங்களில் நெடுங்காலம் அதுவே நிலைமை. ஏற்றத்தில் ஒரு மணித்தியாலம் கூடுதலாக எடுக்கும் எஞ்சினின் விலையைக் கணக்குப் பார்த்தவர்களும் அந்த லொறியின் பின்தட்டில் கிடந்தவர்களும் வேறு வேறு ஆட்கள். வேகமான எஞ்சினுக்கு மலையகத்தில் கேட்பு எழாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1977இன் திறந்த பொருளாதாரமும், அடுத்த இரண்டாண்டில் தனியார் பஸ்களுக்குக் கிடைத்த அனுமதியும் இந்த நிலையைக் கலைத்தன. ஜப்பானிலிருந்து பாவித்த வேன்கள் வந்து குவிந்தன. காரில் டர்போ டீசல் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது: மெர்சிடிஸ் பென்ஸ் 1978இல், பெஜோ 1979இல், ஜப்பானில் மிற்சுபிசி 1980இல். ஆனால் மலையகத்துக்கு முதலில் வந்து நிலைத்தவை டர்போ இல்லாத ஹையேஸ்கள். ஷெல், பிறகு டொல்பின் என்று நாடே செல்லப்பெயர் வைத்து அழைத்த அந்த வேன்களின் ‘எல்’ வரிசை எஞ்சின்கள் புகைத்தன, இரைந்தன, ஆனால் எந்தச் சந்திக் கராஜிலும் திருத்தக்கூடியவையாக இருந்தன. கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளைகளைத் தீபாவளிக்கு ஊர் கொண்டுவந்து சேர்த்த பெருமை இவற்றுக்கு உண்டு.

இதற்குள் வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1999இல் டோக்கியோ ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா டீசலுக்கு எதிராகப் பிரசாரம் தொடங்கினார். போத்தலில் அடைத்த டீசல் கரியைப் பத்திரிகையாளர் முன் குலுக்கிக் காட்டினார். 2003 ஒக்டோபரிலிருந்து டோக்கியோவிலும் அயல் மாகாணங்களிலும் பழைய டீசல் வாகனங்களுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிப் புகை வரம்புகள் படிப்படியாக இறுகின. கூடுதல் காற்றில் எரிந்தால் கரி குறையும் என்பதால், இந்த வரம்புகளைத் தாண்ட எஞ்சின் செய்வோருக்கு டர்போ தவிர்க்க முடியாததாயிற்று. அமுக்கிய காற்றைக் குளிரூட்டும் இண்டர்கூலரும், எண்ணெயை மிக உயர்ந்த அழுத்தத்தில் கணினிக் கட்டளைப்படி பீய்ச்சும் கொமன் ரெயிலும் அதனுடன் சேர்ந்தன. கொமன் ரெயில் 1995இல் ஜப்பானின் ஹினோ லொறியிலும் 1997இல் இத்தாலியின் அல்ஃபா ரோமியோ காரிலும் விற்பனைக்கு வந்திருந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. எண்ணூரில் எஞ்சின் செய்த அசோக் லேலண்ட், 1980களின் நடுவில் ஹினோவுடன் உடன்படிக்கை செய்து புதிய எஞ்சின் வரிசைக்கு மாறியது. டாட்டா 1993இல் கமின்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. 1982இல் இலங்கையில் லங்கா அசோக் லேலண்ட் தொடங்கிய அதே ஆண்டில், சென்னையில் டர்போ எனர்ஜி என்ற நிறுவனம் டர்போ தயாரிப்புக்கென்றே தொடங்கப்பட்டது. இரண்டு தொடக்கங்களும் ஒரே ஆண்டில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் பின்னாளில் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்ற லேலண்டுகளின் பக்கவாட்டில் டர்போ என்ற சொல் ஏறியதற்கு இந்த இரண்டு வழிகளும் சேர்ந்தே உதவின.

2004இல் ஜப்பானில் வெளியான புதிய ஹையேஸ்தான் மலையகத்தில் டர்போவை வீட்டுச் சொல்லாக்கியது. கேடிஎச் என்று அதன் சட்டக எண்ணாலேயே எல்லோரும் அழைக்கும் இந்த வேன் 2.5 லீற்றர் அல்லது 3 லீற்றர் கொமன் ரெயில் டர்போ எஞ்சினோடு வந்தது. ரம்பொடை ஏற்றத்தில் டொல்பின் இரண்டாம் கியரில் திணறிய இடத்தில் இது ஆட்களையும் பொதியையும் ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரில் போனது. சுற்றுலா வேன், கலியாண வேன், பாடசாலை வேன் எல்லாம் இதுவாயிற்று.

ஆனால் மலை இந்த எஞ்சினிடம் புதிய கட்டணங்கள் கேட்டது. முதலாவது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்குள் நுழைகையில் வேகம் விழுகிறது, சுழற்சி இறங்குகிறது, புகை குறைகிறது, டர்போ தூங்கிப்போகிறது. வளைவை விட்டு வெளியே வரும்போது வலு தேவை. அது வருவதற்கு ஒரு கணம் பிடிக்கிறது. வரும்போது மொத்தமாக வருகிறது. பழைய லேலண்ட் சாரதிக்கு இந்தத் தாமதம் பழகாத ஒன்று. கோணம் மாறும் இதழ்கள் வைத்த பிந்திய டர்போக்கள் இதைக் குறைத்திருக்கின்றன. அந்த இதழ்களில் கரி படிந்து இறுகிக்கொள்வது அடுத்த தொல்லை.

இரண்டாவது ஒயிலும் டீசலும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது எஞ்சின் ஒயிலின் மெல்லிய படலம் மட்டுமே. நாற்பது நிமிடம் ஏறி ஹட்டனுக்கு வந்து, பயணிகள் தேநீருக்கு இறங்கும் அவசரத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினால், ஒயில் ஓட்டம் அந்தக் கணமே நிற்கிறது. பழுத்த சக்கரத்தின் சூடு தேங்கிய ஒயிலைக் கருக்கிக் கட்டியாக்குகிறது. ஓரிரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள் என்று மெக்கானிக் ஒவ்வொருவரும் சொல்வது இதற்காகத்தான். டீசலுக்குக் காசு கொடுத்தவரின் காதில் அது ஏறுவதில்லை. பிறகு விசில் சத்தம், நீலப் புகை, டர்போவைக் கழற்றும் நாள். உள்நாட்டுச் சாதாரண டீசலில் நெடுங்காலம் மிகுந்திருந்த கந்தகமும், போத்தலில் வாங்கி ஊற்றும் டீசலில் கலந்த தண்ணீரும் கொமன் ரெயில் இன்ஜெக்டரைத் தனியாகப் பதம்பார்த்தன. பழைய பம்பைச் சந்திக் கராஜில் பிரித்து மாட்டியவர், கணினி கேட்கும் இந்த எஞ்சினுக்கு வாடிக்கையாளரைக் கண்டிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

மூன்றாவதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. டர்போ ஏற்றத்துக்கு உதவுகிறது. இறக்கத்துக்கு எதுவும் செய்வதில்லை. டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் வால்வு வழக்கமாக இல்லாததால், காலை எடுத்தாலும் அது வண்டியைப் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது. பிடிக்கும் கொஞ்சமும் சிலிண்டரின் கொள்ளளவையும் சுழற்சியையும் பொறுத்தது. காலை எடுத்ததும் டர்போவும் ஓய்ந்துவிடும். ஆகவே சிறிய எஞ்சினில் பெரிய வலுவை எடுத்து, கூடுதல் பாரத்தைக் கூடுதல் வேகத்தில் மேலே கொண்டுபோகிறோம்; கீழே வரும்போது அந்தப் பாரம் முழுவதும் பிரேக் தட்டுகளின் தலையில். புகைக்குழாயை அடைத்துப் பிடிக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் பெரிய வாகனங்களில் உண்டு. வேன்களில் பெரும்பாலும் கிடையாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவோரும் இருக்கிறார்கள். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியின் செங்குத்து இறக்கத்தில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். ஒரு விபத்துக்கு ஒரு காரணம் சொல்லி முடிப்பது என் வேலையல்ல. ஆனால் வாகன விளம்பரம் எல்லாம் ஏற்றத்தையே காட்டும் ஊரில் இறக்கத்துக்கான கருவியை எவரும் விலை விசாரிப்பதில்லை என்பது உண்மை.

இத்தனைக்கும் நடுவே தோட்டப் பாதைகளின் உண்மையான அரசன் வேறு. 2005இல் இந்தியாவில் அறிமுகமான டாட்டா ஏஸ், இங்கே இறக்குமதி செய்தவரின் பெயரோடு டிமோ பட்டா ஆகிவிட்டது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், டர்போ இல்லை. நுவரெலியா உயரத்தில் அதில் 13 மிஞ்சினால் அதிகம். அதை வைத்துக் கந்தப்பளையிலிருந்து லீக்ஸும் கரட்டும் இறங்குகின்றன, இராகலைக்கு எரிவாயு ஏறுகிறது. சம்பளத்தைத் தவிர வேறு வழி இல்லாதிருந்த தோட்டக் குடும்பத்துப் பையன் லீசிங்கில் வாங்கக்கூடிய முதல் நான்கு சக்கரம் அது. எம்2வைத் தேர்ந்த அதே தர்க்கம் இங்கேயும் வேலை செய்கிறது, அளவு மட்டும் நூறில் ஒன்று: மெதுவாகப் போகும், ஆனால் வாங்கலாம், திருத்தலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் கேடிஎச்சின் விலை ஏறிக்கொண்டே போனது. டொல்பின்கள் மறுபிறவி எடுத்தன. கழற்றிய டர்போவைத் திருத்தி மாட்டுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் மாத முடிவில் 460 ரூபாய். ஹட்டனில் நாள்கணக்கில் வரிசையில் நின்ற சாரதிகள் குதிரைத்திறனை மறந்து, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று மட்டும் பேசினார்கள். அந்தக் கணக்கில் டர்போவுக்குச் சாதகம் உண்டு: சிறிய எஞ்சின், வீணாகும் புகையிலிருந்து வலு, அதே வேலைக்குக் குறைந்த எண்ணெய். நன்றாகப் பராமரித்தால் மட்டும்.

திறந்த இறக்குமதியில் இப்போது மின் வாகனங்களும் வருகின்றன. மின்மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. நுவரெலியாவும் கொழும்பும் அதற்கு ஒன்றுதான். இறக்கத்தில் அதே மோட்டார் பிரேக்காக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தரும். மின்சாரம் மலையகத்துக்குப் புதிதும் அல்ல. ஹட்டனுக்கு அப்பால் மஸ்கெலியாப் பக்கத்து ஆறுகளிலிருந்து நீர்மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். 1950இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது. ஸ்டோர் எனப்படும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைச் சுழற்றிய பழைய எண்ணெய் எஞ்சின்களை அந்த மின்சாரம் மெல்ல மெல்ல ஓய்வுக்கு அனுப்பியது. ஸ்டோர் வாசலில் நிற்கும் கொழுந்து லொறிவரை அது இன்னும் வரவில்லை.